டோரா சுரங்கத்துக்குள் ஒரு ஒர்க்‌ஷாப் மனிதரோடு

ஜெர்மனியின் நடுப்பகுதியில், ஹார்ஸ் மலைகள் தெற்கே தணிந்து முடியும் இடத்தில் நோர்ட்ஹவுசன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அதை ஒட்டி கோன்ஸ்டைன் என்ற குன்று. மேலே காடு, ஒரு பக்கம் கல்வெட்டிய வெள்ளைப் பாறை. வண்டியில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ஹிட்லரின் வி-2 ராக்கெட்டுகள் செய்யப்பட்டது இந்தக் குன்றுக்குள்தான். ஆலையின் பெயர் மிட்டல்வெர்க். அதற்கு ஆள் கொடுத்த வதைமுகாமின் பெயர் டோரா. இன்று இரண்டும் சேர்ந்து மிட்டல்பாவ்-டோரா நினைவிடம்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் ராக்கெட் பைத்தியம் உள்ளவர்கள் சிலர் இங்கே போய்வருகிறார்கள். திரும்பி வந்து அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "உள்ளே பெரிசா ஒண்ணும் இல்லை, எல்லாம் துருப்பிடிச்ச இரும்பு." அதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே நிறைய இருக்கிறது. எதைத் தேடிப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. எனக்கு அதைக் காட்டித் தந்தவர் என் மாமனார். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். எங்களோடு சில மாதம் இருக்க வந்திருந்தார். கோட்டை, தேவாலயம் எல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "ஏதாவது ஷாப் இருந்தா காட்டுங்க மாப்ள" என்று கேட்டார். ஷாப் என்றால் அவருக்குக் கடை அல்ல, பணிமனை.

போகும் வழியே அவருக்குப் பிடித்துவிட்டது. நோர்ட்ஹவுசனிலிருந்து இல்ஃபெல்டு போகும் 10ஆம் எண் டிராம், ஊருக்குள் மின்கம்பியில் ஓடும். ஊர் முடிந்ததும் டீசல் இன்ஜினைப் போட்டுக்கொண்டு ஹார்ஸ் மலை ரயிலின் தண்டவாளத்தில் ஏறிவிடும். மலை ரயிலும் டிராமும் ஒரே மீட்டர் கேஜ் என்பதால் இது முடிகிறது. அதே பாதையில் நீராவி இன்ஜினும் வருகிறது. நீலகிரி ரயிலுக்கு பொன்மலையில் நீராவி இன்ஜின் செய்து கொடுத்த காலத்தைப் பற்றி மாமா பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். கிரிம்டரோடெ நிறுத்தம் வந்துதான் நிறுத்தியது. அங்கிருந்து நினைவிடத்துக்கு நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போனால் நோர்ட்ஹவுசன் ஸ்டேஷனிலேயே டாக்ஸி பிடித்துவிடுவது நல்லது. ஏனென்றால் நடை அதோடு முடியாது. முகாம் வளாகமே பெரியது, பாதி ஏற்றம்.

உள்ளே போவதற்கு முன் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டும். குன்றில் அன்ஹைட்ரைட் என்ற பாறையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜிப்சத்தின் உறவுக்காரப் பாறை. முட்டுக் கொடுக்காமலே பெரிய குகையாக நிற்கும். 1936இலிருந்து ஓர் அரசு நிறுவனம் அங்கே சுரங்கத்தைப் பெரிதாக்கி, போருக்கான எரிபொருளைப் பதுக்கும் கிடங்காக மாற்றிக்கொண்டிருந்தது. 1943 ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பால்டிக் கடலோரத்தில் இருந்த பீனமுண்டே ராக்கெட் மையத்தின் மீது குண்டு வீசின. ராக்கெட் உற்பத்தியை பூமிக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்று முடிவானது. கோன்ஸ்டைன் சுரங்கம் ஏற்கெனவே இருந்தது, ரயில் பாதையும் பக்கத்தில் இருந்தது. ஆள்? ஆகஸ்ட் 28ஆம் தேதியே புகன்வால்ட் முகாமிலிருந்து 107 கைதிகள் வந்து இறங்கினார்கள். குண்டு விழுந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

சுரங்கத்தின் அமைப்பு ஓர் ஏணியைப் படுக்க வைத்தது போல. அ, ஆ என்று வைத்துக்கொள்ளலாம் (அவர்கள் ஏ, பி என்பார்கள்), இரண்டு நீளமான சுரங்கங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். குன்றின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். முழு அளவு ரயில் உள்ளேயே ஓடும். இரண்டையும் இணைத்து 46 குறுக்குக் கூடங்கள். ஒவ்வொரு கூடத்திலும் ஒவ்வொரு பாகம் செய்து, பெரிய சுரங்கத்தில் நகரும் ராக்கெட்டில் பொருத்திக்கொண்டே போவார்கள். 1944இல் 1 முதல் 20 வரையிலான கூடங்களை யுங்கர்ஸ் விமான இன்ஜின் தயாரிப்பு எடுத்துக்கொண்டது, மீதியில் மிட்டல்வெர்க்.

இப்போது பார்வையாளர்கள் போவது பழைய வாசல் வழியாக அல்ல. போர் முடிந்தபின் முதலில் அமெரிக்கர்கள், பிறகு சோவியத்துகள் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். 1948இல் சோவியத் ராணுவம் வாசல்களை வெடிவைத்து மூடிவிட்டது. ஜெர்மனி ஒன்றான பிறகு புதிதாக ஒரு வழி குடைந்து, 1995இல் திறந்தார்கள். முழுச் சுரங்கத்தில் மிகச் சிறிய பகுதிதான் பார்வைக்கு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது.

உள்ளே வருடம் முழுவதும் 8 டிகிரி. இதைப் படித்துவிட்டும் ஆகஸ்டில் டி-ஷர்ட்டோடு வருகிறவர்களைப் பார்த்தேன். நம் ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் மட்டும் போதாது. காதை மூடும் குல்லா, கனமான காலுறை, வழுக்காத ஷூ வேண்டும். செருப்பு கூடவே கூடாது. தரை ஈரம், சமமும் இல்லை. ஓரிடத்தில் இரும்பு நடைபாலத்தின் மேல் நின்று கீழே பார்க்க வேண்டும். இடிந்த தளம், கற்குவியல், அதற்குள் ராக்கெட்டின் உடற்பகுதித் தகடுகள், குழாய்கள், அதற்கும் கீழே நிலத்தடி நீர் தேங்கி நிற்கிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு, ஆழமே தெரியவில்லை. துருப்பிடித்த இரும்பு என்று நண்பர்கள் சொன்னது இதைத்தான்.

மாமா அந்த இரும்பைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"மாப்ள, காத்து எப்படி வந்துச்சு? ப்ளோயர் இருந்துச்சான்னு கேளுங்க."

வழிகாட்டி ஓர் இளம்பெண், வரலாறு படித்தவர். பெரும்பாலும் ராக்கெட்டின் வேகம், தூரம் என்று கேட்பார்களாம். ஆரம்ப மாதங்களில் பாறையை வெடிவைத்துக் குடைந்துகொண்டிருந்தபோது புகையும் தூசியும் உள்ளேயே தங்கின என்றார். அதே நேரத்தில் அதே சுரங்கத்தில்தான் கைதிகள் தூங்கினார்கள். 43 முதல் 46 வரையிலான கூடங்களில் நாலடுக்கு மரப் பலகைகள். ஒரு ஷிஃப்ட் எழுந்து வேலைக்குப் போக, அடுத்த ஷிஃப்ட் அதே பலகையில் படுக்கும். ஷிஃப்ட் 12 மணி நேரம். பக்கத்தில் பாறை வெடிக்கும் சத்தம் நிற்காது.

"குடிதண்ணி?" பாறையில் கசிவதுதான் பலருக்கு.

"கக்கூஸ்?" பெட்ரோல் பீப்பாயைப் பாதியாக வெட்டி, மேலே ஒரு பலகை.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். முப்பது நாற்பது வருடம் ஒரு பெரிய பணிமனையில் இருந்தவர் எந்த ஷாப்புக்குள் போனாலும் முதலில் கேட்கும் கேள்விகள் இவை: காற்று, தண்ணீர், கழிப்பறை, ஷிஃப்ட் எப்படி மாறும், அடிபட்டால் எங்கே தூக்கிப் போவார்கள். ராக்கெட்டைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நான் அதுவரை படித்துவைத்திருந்ததெல்லாம் ராக்கெட்டைப் பற்றி: 14 மீட்டர் உயரம், ஆல்கஹால் எரிபொருள், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன், ஒரு டன் வெடிமருந்து, ஒலியைவிட வேகமாக வருவதால் வெடித்த பிறகே சத்தம் கேட்கும். அந்த விவரங்களை எங்கிருந்து வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். கழிப்பறைக் கேள்விக்கு நோர்ட்ஹவுசன் போக வேண்டும். டோராவுக்குப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: தொழிலாளி கேட்கும் கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு போங்கள்.

கைதிகள் தங்க வெளியே மரக் குடில்கள் கட்டி முடித்தது 1944 வசந்தத்தில்தான். அதற்குள் அந்த முதல் குளிர்காலத்தில் ஏறக்குறைய 3,000 பேர் செத்துப்போயிருந்தார்கள். இனி வேலைக்கு ஆகாது என்று தோன்றியவர்களை வேறு முகாம்களுக்கு ரயிலில் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பலர் அங்கே போய்ச் செத்தார்கள். இந்த வேலையெல்லாம் நடந்துகொண்டிருந்த 1943 டிசம்பரில் ஆயுத அமைச்சர் ஆல்பெர்ட் ஸ்பியர் உள்ளே வந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் போய், இவ்வளவு சீக்கிரம் சுரங்கத்தை ஆலையாக மாற்றியதற்காக எஸ்.எஸ். (வதைமுகாம்களை நடத்திய நாஜிப் படை) அதிகாரி ஹான்ஸ் காம்லரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத் தவறாகவே சொல்கிறார்கள். டோராவும் அதன் துணைமுகாம்களும் சேர்ந்த மிட்டல்பாவ் முகாம்களுக்கு வந்த கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். சோவியத் நாட்டவர், போலந்துக்காரர், பிரெஞ்சுக்காரர் அதிகம். இறந்தவர்கள் சுமார் 20,000. இவ்வளவு பேரும் ராக்கெட் செய்து சாகவில்லை. 1944இல் முகாம் பெருகி, சுற்றுவட்டாரத்தில் நாற்பது துணைமுகாம்கள்வரை ஆனது. அவற்றில் இருந்த பெரும்பாலோர் புதிய சுரங்கங்கள் குடையும் வேலையில் போடப்பட்டவர்கள். அந்தச் சுரங்கங்களில் பல முடியவே இல்லை. எல்ரிஷ் துணைமுகாமில் நிலைமை டோராவைவிட மோசம். ராக்கெட் பொருத்தத் தெரிந்தவனுக்குப் பழக்கும் நேரம் செலவாகியிருக்கிறது, அவன் செத்தால் நஷ்டம். மண் வெட்டுகிறவன் செத்தால் இன்னொருவன். வழிகாட்டி இதை நீளமாக விளக்கினார். மாமா ஒரே வரியில் முடித்தார்: "ஃபிட்டருக்கு ஒரு கணக்கு, கலாசிக்கு ஒரு கணக்கு." கலாசி என்றால் பணிமனையின் எடுபிடி ஆள்.

ஆலையின் உற்பத்தியும் சும்மா இல்லை. 1944 இலையுதிர்காலத்திலிருந்து மாதம் 600க்கும் மேல் ராக்கெட்டுகள் வெளியே போயின. மொத்தம் ஏறத்தாழ 6,000. முதல் வி-2 1944 செப்டம்பர் 8 அன்று பாரிஸிலும் லண்டனிலும் விழுந்தது. பிறகு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரம்தான் அதிகம் வாங்கியது. அங்கே டிசம்பர் 16 அன்று ஒரு சினிமா கொட்டகையில் விழுந்த ஒரே ராக்கெட்டில் 567 பேர். ராக்கெட் விழுந்து இறந்த எல்லோரையும் கூட்டினாலும் மிட்டல்பாவ் முகாம்களில் இறந்தவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வராது.

41ஆம் கூடத்தின் தரையை ஆழமாகத் தோண்டியிருந்தார்கள், ராக்கெட்டை நிமிர்த்தி நிறுத்திச் சோதிப்பதற்காக. அதற்கு ஓவர்ஹெட் கிரேன் வேண்டும். அந்தக் கிரேன்களின் இன்னொரு பயன்பாட்டை அங்கே சொல்வார்கள். வெல்டிங்கைச் சரியாகப் போடாமல் விடுவது, திருகை இறுக்காமல் விடுவது என்று கைதிகளில் சிலர் வேலையைக் கெடுத்தார்கள். சிலர் மீது வெறும் சந்தேகம்தான். 1945 மார்ச்சில் கைதிகளைக் கூட்டமாகக் கிரேனில் தூக்கிலிட்டார்கள், சுரங்கத்துக்குள்ளேயே. மற்றவர்கள் பார்க்க வேண்டும், அதன் கீழே நடந்து போக வேண்டும். நான் இந்த இடத்தில் மொழிபெயர்ப்பதைக் கொஞ்சம் சுருக்கிவிட்டேன். மாமா கண்டுபிடித்து, "முழுசா சொல்லுங்க" என்றார். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அவர்களுக்காக எதையும் வடிகட்ட வேண்டாம் என்றே நினைக்கிறேன். குழந்தைகள் விஷயம் வேறு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் சுரங்கத்துக்கு வேண்டாம். அதற்கு மேலும் முதல் நாளே வீட்டில் உட்கார வைத்துப் பேசிவிட்டு அழைத்துப் போங்கள்.

வெளியே வந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. கைதிகள் எண்ணப்பட்ட மைதானம், குடில்கள் நின்ற அடித்தளங்கள், காட்டுக்குள் மறைந்துபோன பாதைகள். மேட்டில் தகனக்கூடம் அப்படியே நிற்கிறது. அதன் முன்னால் கிழக்கு ஜெர்மனி காலத்தில் வைத்த சிற்பம். உள்ளே உலை. அங்கே ஒருவர் உலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். விதி இருக்கிறதோ இல்லையோ, கேமராவைப் பைக்குள் வைத்துவிடலாம். வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் மனம் வராது, சாப்பிடவும் கூடாது. புளிசாதம் கட்டி எடுத்துப் போகிறவர்கள் ஊருக்குள்ளேயே முடித்துவிட்டு வருவது உத்தமம்.

'ரகசிய ஆலை' என்ற பெயர்தான் எனக்கு அங்கே உறுத்தியது. விமானத்திலிருந்து பார்க்கும் எதிரிக்கு அது ரகசியம், சரி. ஆனால் ஆயிரக்கணக்கான ஜெர்மானியப் பணியாளர்கள் தினமும் வந்து கைதிகளின் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், மாலையில் வீட்டுக்குப் போனார்கள். துணைமுகாம்கள் கிராமங்களுக்கு நடுவிலேயே இருந்தன. கோடு போட்ட உடையில் ஆட்கள் தெருவில் நடத்திச் செல்லப்படுவதைச் சுற்றுவட்டாரமே பார்த்தது. 1945 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் படை நோர்ட்ஹவுசனுக்குள் வந்தபோது, நோயாளிக் கைதிகளைக் குவித்து வைத்திருந்த போல்கெ ராணுவக் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்கள் கிடந்தன. சில நாள் முன்பு நடந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சிலும் அங்கே பலர் செத்திருந்தார்கள். ஊர்க்காரர்களையே குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார்கள். அதற்குள் டோராவில் இருந்தவர்களில் பெரும்பாலோரை எஸ்.எஸ். ரயில்களில் ஏற்றியும் நடத்தியும் வேறெங்கோ கொண்டுபோய்விட்டது. அப்படிப் போனவர்களோடு வேறு முகாம்காரர்களும் சேர்ந்து கார்டலேகன் ஊர் அருகே ஒரு களஞ்சியத்தில் அடைக்கப்பட்டு ஏப்ரல் 13 அன்று எரிக்கப்பட்டார்கள். 1,016 பேர்.

அருங்காட்சியகக் கட்டடத்தில் உள்ள நிரந்தரக் கண்காட்சியைச் சுரங்கத்துக்கு முன்னால் பார்ப்பதா, பின்னால் பார்ப்பதா என்று கேட்பார்கள். எனக்குப் பின்னால்தான் சரியாகப் பட்டது. முன்பே பார்த்தால் கடிதங்களும் அட்டவணைகளும் மனதில் நிற்காது. சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ஒவ்வொரு காகிதத்தின் முன்னாலும் கால் நின்றுவிடும். போருக்குப் பின் யார் எங்கே போனார்கள் என்ற கதைக்கு மட்டும் நேரம் மிச்சம் வையுங்கள். இந்த ராக்கெட்டை வடிவமைத்த குழுவின் தலைவர் வெர்னர் ஃபான் பிரௌன், புகன்வால்டுக்குப் போய்த் தகுதியான கைதிகளைத் தேடியதைத் தன் கடிதத்திலேயே 1944 ஆகஸ்டில் குறிப்பிட்டிருக்கிறார். மிட்டல்வெர்க்கில் உற்பத்தியை நடத்திய ஆர்தர் ருடால்ஃப், பின்னாளில் அமெரிக்காவில் சாட்டர்ன்-5 திட்டத்தின் மேலாளர்; நிலவுக்கு மனிதனை ஏற்றிச் சென்றது அந்த ராக்கெட்தான். அமெரிக்க நீதித்துறை விசாரிக்க ஆரம்பித்ததும் 1984இல் நாட்டைவிட்டுப் போனார், குடியுரிமையையும் விட்டுக்கொடுத்தார். சோவியத் பக்கத்திலிருந்து இந்தப் பகுதிக்கு வந்து மிச்ச பாகங்களை ஆராய்ந்தவர்களில் செர்கெய் கொரொல்யோவ் ஒருவர். அவரே 1944வரை ஸ்டாலினின் கைதி.

நமக்கும் இதில் ஒரு நூலிழை உண்டு. ஃபான் பிரௌன் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையிலிருந்து கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளத்துக்கு அவரை விமானத்தில் அழைத்துப் போனவர் அப்துல் கலாம். அந்தப் பயணத்தைப் பற்றி மதிப்போடு எழுதியிருக்கிறார். பள்ளியில் ராக்கெட் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு ஃபான் பிரௌன் ஒரு மேதை, அவ்வளவுதான். மேதை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அந்தப் பாடத்தில் 43ஆம் கூடமும் வந்திருக்க வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு மாதிரி பார்த்தார். "டிசைன் ஆபீஸ்ல இருக்கறவன் ஷாப்புக்கு வர்றதே இல்லன்னு நாங்க திட்டுவோம். இவர் வந்து பார்த்திருக்கார்ல, அதான் பிரச்சினை."

மொழி விஷயம் ஒன்று. சுற்றுகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நீங்களே பெரியவர்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்றால் குழுவின் கடைசியில் நில்லுங்கள், முதலிலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். காதில் முணுமுணுப்பது அந்தக் குகையில் எல்லோருக்கும் கேட்கும். மூடிய இடத்தில் மூச்சு முட்டும் பயம் உள்ளவர்கள் சுரங்கத்தை விட்டுவிட்டுக் கண்காட்சியும் வளாகமும் பார்த்தாலே அரை நாள் நிறையும்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை கண்காட்சி இல்லை. சுரங்கச் சுற்றின் நேரங்கள் பருவத்துக்கு ஏற்ப மாறும், நினைவிடத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முடிந்தால் முழு நாளை ஒதுக்குங்கள். அதே நாளில் மலை ரயிலில் புரோக்கன் சிகரத்துக்கும் போய்வரலாம் என்று திட்டம் போடாதீர்கள், அதற்குத் தனி நாள் வேண்டும். பீனமுண்டேயில் பழைய மின்நிலையத்தில் உள்ள அருங்காட்சியகத்தையும் பார்க்கும் எண்ணம் இருந்தால், டோராவை முடித்துவிட்டு அங்கே போங்கள். அந்த வரிசையில் போனால் பீனமுண்டேயில் நிறுத்தியிருக்கும் வி-2 மாதிரியின் முன்னால் நிற்கும்போது உங்களுக்குக் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும்.